காஸ்டிங் தாளில் விட்டுப்போன வரிகள்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். நல்லூர்ப் பக்கம் வாடகைக் கட்டடத்தில் 14 மெஷின் போட்டுத் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு துணி வரவில்லை.

700-க்கும் மேற்பட்ட பட்டறைகளில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். நிட்டிங் கம்பெனிகளில் சாயம் ஏறாத கிரே துணி ரோல் ரோலாகக் கிடந்தது. வசதி உள்ளவர்கள் சாயம் போட வெளிமாநிலங்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். போன துணி என்றைக்குத் திரும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. என்னைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு அந்த வரிசையில் கடைசி இடம். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் எல்லாவற்றின் மேலும் பழைய துணியைப் போர்த்தி வைத்தேன். டெய்லர்கள் காலையில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்கள்.

என் கோபமெல்லாம், சாயக் கழிவுநீர் ஆற்றைக் கெடுக்கிறது என்று வழக்குப் போட்ட ஆற்றோரத்து விவசாயிகள் மேல்தான். யாரைப் பார்த்தாலும் அதையே பேசினேன். என்னிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மிணி, திட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்து திட்டுங்க. என்ற மச்சான் ஊரு அந்தப் பக்கந்தான்" என்றார். யூனிட்டில் வேலையும் இல்லை. போனேன்.

இதற்குப் பிறகு வந்த 14 ஆண்டுகளில் நான் தொழில் கற்றது நான்கு பேரிடம். ஒரு விவசாயி, ஓர் ஏற்றுமதியாளர், ஒரு தொழிற்சங்கத் தோழர், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு இளைஞர். ஒருவரோடு ஒருவர் ஒரே மேடையில் உட்கார மாட்டார்கள். ஆனால் நால்வரும் என் காஸ்டிங் தாளில், ஒரு சட்டைக்கு ஆகும் செலவை வரி வரியாக எழுதி விலை போடும் தாளில், ஒரே இடத்தைத்தான் தொட்டுக் காட்டினார்கள்: அதில் நான் எழுதாமல் விட்ட வரியை. சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு, குறிப்பாக இப்போதுதான் தொடங்கியிருக்கும் பெண்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தது. அந்த அணைக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான் அந்த விவசாயியைப் பார்த்தேன். வழக்குக்காக நடையாய் நடந்தவர்களில் ஒருவர். அறுபது வயதுக்கு மேல். வாசலில் முள்ளுக்கிளுவை வேலி, கட்டுத்தறியில் இரண்டு காங்கேயம் மாடுகள்.

உட்கார்ந்ததும் நான்தான் பேசினேன். எத்தனை குடும்பம் வேலையில்லாமல் நிற்கிறது தெரியுமா, வட்டி யார் கட்டுவது, பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எழுந்து போய் ஓர் இளநீரை வெட்டிக் கொண்டுவந்தார்.

"குடிங்க அம்மிணி."

ஒரு வாய் உள்ளே போனதும் தெரிந்தது. இளநீர் உப்புக் கரித்தது.

"அணை கட்டுன ஊர்ல எல்லாம் தண்ணி விடுங்கன்னு கேப்பாங்க. நாங்க விட்டுராதீங்கன்னு கேட்டமுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

பிறகு ஒரு மணி நேரம் எனக்குச் சாயத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். திருப்பூரிலேயே தொழில் செய்த எனக்கு அதுவரை அது தெரியாது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் ஏறிக்கொள்ளும். போட்ட உப்பு மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் மருந்தும் போட்டால் நிறம் தெளியும், பார்வைக்கு நல்ல தண்ணீர் போலவே இருக்கும். கரைந்த உப்பு மட்டும் போகாது. அதனால்தான் பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே கிணறுகள் கெட்டன. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி வேண்டும், ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேறு மெஷின் வேண்டும். அதற்கு விறகும் கரண்டும் தின்னும் செலவு. "செலவுதானுங்க, இல்லைன்னு சொல்லலை. அதை நாங்க இருபது வருசமா எங்க காட்டுல கட்டிக்கிட்டு இருந்தோம். இனிமே பனியன் போடறவங்க கட்டட்டும்."

தகரப் பெட்டியிலிருந்து 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பின் நகலை எடுத்துக் காட்டினார். கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரிக்கக் கெடு வைத்து, அதுவரைக்கும் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் போட்ட தீர்ப்பு. 6 பைசாவில் தொடங்கி நாள் தள்ளத் தள்ள ஏறும். "எங்க ஆத்துக்கு முதல் முதல்ல ஒரு வெலைன்னு போட்டது இதுதானுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த 6 பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பழைய வின்ச் சாய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் போகும். 100 லிட்டருக்கு 6 ரூபாய். ஒரு கிலோ துணியில் ஐந்து டி-சர்ட். ஒரு சட்டைக்கு 1 ரூபாய் 20 காசு.

அந்த ராத்திரி என் காஸ்டிங் தாளை எடுத்துப் பார்த்தேன். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், வேஸ்டேஜ் எல்லாம் இருந்தது. லேபிள் இருந்தது. பாலிபேக்கைப் பைசாக் கணக்கில் எழுதியிருந்தேன். சட்டைக்கு 1 ரூபாய் 20 காசு என்று ஓர் ஆற்றுக்கு எங்கேயும் வரி இல்லை. அபராதம் வேறு, உண்மையான சுத்திகரிப்புச் செலவு வேறு. பின்னால் கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறை வந்தபோது செலவு இதைவிட அதிகம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது தொகை இல்லை. அந்தத் தாளை நான் எத்தனை முறை சரிபார்த்திருப்பேன்! ஒருமுறைகூட ஏதோ விட்டுப்போன மாதிரி தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஒரு பிரச்சினையில் என் எதிர்ப்பக்கம் யார் நிற்கிறாரோ அவரை முதலில் போய்ப் பார்ப்பேன். ஒரு விஷயத்தால் இருபது வருடம் அடிபட்டவருக்கு, அதில் சம்பாதித்தவரைவிட அது நன்றாகத் தெரிந்திருக்கும். போனால் என் வாதத்தைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கிளம்புவதற்குள் அவருடைய கணக்கில் ஓர் எண்ணாவது என் நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஏற்றுமதியாளர் கதை வேறு. அவரை முதலில் ஒரு சங்கக் கூட்டத்தில் பார்த்தேன். நாற்பது வருடம் தொழிலில் இருந்தவர், ஊரே மதிக்கிற மனிதர். ஆர்வத்தில் போய், "ஐயா, உங்க வெற்றிக்கு என்ன காரணமுங்க?" என்று கேட்டேன். உழைப்பு, நேர்மை, கடவுள் அருள் என்றார். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை வைத்து மறுநாள் காலை என் யூனிட்டில் என்னால் எதையும் மாற்ற முடியவில்லை. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நல்ல மனிதரிடம் கேட்டாலும் அப்படித்தான்.

இரண்டாவது முறை 2013-ல் போனபோது கையில் ஒரு டெபிட் நோட் இருந்தது. ஒரு கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்ததில், டெலிவரி தாமதம் என்று சொல்லி என் பில்லில் பெரிய தொகையைப் பிடித்திருந்தார்கள். துணியே அவர்களிடமிருந்து பத்து நாள் தாமதமாகத்தான் வந்தது. ஃபைலை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"துணி வந்த தேதி எங்க கண்ணு?"

"சலான்ல அவங்க அனுப்புன தேதி இருக்குதுங்க."

"அது அவங்க எழுதுனது. நீங்க வாங்குன தேதி எங்க?"

இல்லை. கட்டிங் மாஸ்டர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். துணி இறங்கின அன்றைக்கே தேதி, எடை, ரோல் எண்ணிக்கை எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோ எடுத்து, கம்பெனியில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கு அனுப்பிவிட வேண்டும். டெலிவரி தேதியை அந்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று எழுத வேண்டும், காலண்டர்த் தேதியாக எழுதக் கூடாது என்றார். பத்து நிமிடத்தில் சொன்ன இந்த ஒரு விஷயம் அதற்குப் பிறகு எத்தனையோ பில்களைக் காப்பாற்றியது.

கிளம்பும் நேரத்தில், "நீங்க எடுத்ததுலயே தப்பான முடிவு எதுங்கய்யா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் டீ கொண்டுவரச் சொன்னார்.

2005 தொடக்கத்தில் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை முடிந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றானதும் ஊரெல்லாம் கட்டடம் எழும்பியது. அவரும் கடன் வாங்கிப் பெரிய யூனிட் கட்டினார். உற்பத்தியில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே பையருக்கு, அதாவது துணி வாங்கும் ஒரே வெளிநாட்டுக் கம்பெனிக்கு. 2008 கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தபோது அந்தப் பையர் ஆர்டரை நிறுத்திவிட்டார். இவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளக் கவர் கொடுக்கும்போதே பாதிப் பேரிடம் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஒரே பையரை நம்புனது தொழில் தப்பு. அது எல்லாரும் பண்றதுதான். இன்னைக்கு எந்தப் பையருக்கும் மூணுல ஒரு பங்குக்கு மேல நான் எடுக்கறதில்லை. அது சரியாயிருச்சு. ஆனா அந்தச் சனிக்கிழமை... பேங்க் வட்டி, கரண்டு பில்லு, டீசல் எல்லாத்துக்கும் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன் கண்ணு. திங்கக்கிழமை காலைல அவங்க எந்தக் கேட்டுல போய் நிப்பாங்கன்னு மட்டும் போடலை. எனக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே தெரியும். அவங்களுக்கு ஒரு ராத்திரிகூடக் குடுக்கலை."

நாற்பது வருட அனுபவத்தில் எதை மேடையில் சொல்ல மாட்டாரோ அது அந்த டீயோடு கிடைத்தது. அதனால் சொல்கிறேன்: பெரியவர்களைப் பார்க்கப் போனால் வெற்றியைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்றைக்குக் கையில் என்ன இருந்தது, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்று கேளுங்கள். மனிதர்கள் கொள்கையைவிட ஒரு நாளைத்தான் நேர்மையாக நினைவு வைத்திருக்கிறார்கள்.

அவரிடம் கற்ற இன்னொன்று பணம் பற்றியது. ஜாப் ஒர்க்காரர்களுக்கு முப்பது நாளுக்குள் செக் கொடுத்துவிடுவார். "அவங்க காசுல நான் ஷிப்மெண்ட் பண்ணக் கூடாது" என்பார். 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் ஊரில் 90 நாள், 120 நாள் என்று இழுப்பது சாதாரணம். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையைக் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் வந்துவிட்டது. மார்ச் மாதம் ஆடிட்டர்களே போன் செய்து, உத்யம் என்ற குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இன்னும் உத்யம் பதிவு செய்யாத யூனிட்காரர்கள் உடனே செய்துவிடுங்கள். செலவில்லை. பில்லிலேயே அந்த எண்ணை அச்சிட்டுவிடுங்கள்.

தொழிற்சங்கத் தோழரைப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போடுவார்கள். சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் அது அப்படியே நடப்பதில்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், கரைந்துவிடும். 2016-ல் என் யூனிட்டில் பீஸ் ரேட் தகராறு வந்தது. டெய்லர்கள் சங்கத்துக்குப் போவதற்கு முன்னால் நானே போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குமரன் நினைவிடத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது.

நான் ரேட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க யூனிட்ல ஒரு டெய்லர் வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் பாக்கறாங்க?"

"ஒம்பதுங்க தோழர்." தினமும் காலை 8.30 முதல் ராத்திரி 9 மணி வரை ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள். எங்கள் ஊரில் இது யாரும் யோசிக்காத கணக்கு.

"அப்ப ஆறு ஷிப்ட்ல அவங்க வீடு ஓடலைன்னு அர்த்தம். நீங்க பையர்கிட்டச் சொன்ன ரேட்டு, அவங்க ஒம்பது பாப்பாங்கன்னு வெச்சுச் சொன்ன ரேட்டு."

இரண்டாவது விட்டுப்போன வரி அது. நான் தையலுக்கு எழுதிய தொகை சரிதான். அது ஒரு மனிதர் தன் குழந்தை தூங்கின பிறகு வீட்டுக்குப் போவார் என்ற நம்பிக்கையில் எழுதிய தொகை.

அந்த 127 நாளைப் பற்றிக் கேட்டேன். வீர வசனம் எதுவும் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர் மூன்றாம் மாதமும் கடன் கொடுத்ததைச் சொன்னார். அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பி வராததைச் சொன்னார். "பஞ்சப்படி வந்துச்சு. அதே நேரத்துல முதலாளிகளும் ஒண்ணு கத்துக்கிட்டாங்க. ஒரே கூரைக்கடியில ஐநூறு பேரை வெச்சா ஒண்ணு சேருவாங்கன்னு. பிரிச்சுப் பிரிச்சு வெளில குடுக்க ஆரம்பிச்சாங்க. உங்க 14 மெஷினுக்கும் அந்த 127 நாளுக்கும் சொந்தம் இருக்குதுங்கம்மா." என் யூனிட் என் உழைப்பில் முளைத்தது என்று மட்டுமே நினைத்திருந்தேன். நான் எட்டு வயதுப் பெண்ணாக இருந்தபோது நடந்த ஒரு போராட்டமும் அதன் அடியில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திரும்பி வந்து, புதனும் சனியும் 5.30-க்கு மெஷினை நிறுத்தினேன். வாரம் எட்டு ஷிப்ட். பீஸ் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். முதல் மாதம் உற்பத்தி குறைந்தது. ஆனால் செக்கிங்கிலிருந்து ஆல்டருக்கு, அதாவது தப்பைத் திருத்தத் திரும்பி வரும் பீஸ் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது; ராத்திரி எட்டு மணிக்கு மேல் தைத்ததில்தான் பாதித் தப்பு இருந்திருக்கிறது. இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும்: இரண்டு டெய்லர்கள் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஒன்பது ஷிப்ட் சம்பளம் வேண்டும், ஊரில் கடன் இருக்கிறது. நான் ஏற்றிய ரேட் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. இதைத் தோழரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதையும் நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க" என்றார்.

எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். இப்படிப் பேசிவிட்டு வந்தால் அன்று ராத்திரியே எழுதிவிடுவேன். மறுநாள் எழுதினால் அவர் சொன்னது போய் நான் நினைத்தது வந்துவிடும். இடது பக்கம் அவருடைய வார்த்தை, அவர் சொன்ன மாதிரியே. வலது பக்கம் நான் செய்யப்போகிற ஒரு வேலை, ஒன்றே ஒன்று. அதைச் செய்து பார்க்காமல் அதே மனிதரை மறுபடி பார்க்கப் போவதில்லை. செய்து தோற்றிருந்தாலும் பரவாயில்லை. தோற்றதைக் கொண்டுபோனால்தான் இரண்டாவது பேச்சு ஆழமாகப் போகிறது. ஒன்றும் செய்யாமல் மறுபடி அறிவுரை கேட்கப் போனால் அவருக்கும் தெரிந்துவிடும், நமக்கும் கூச்சமாக இருக்கும். இன்னொன்று, முதல் சில சந்திப்புகளில் ஆர்டர், கடன், சிபாரிசு என்று எதுவும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவர் நம்மிடம் பேசுவது வேறு மாதிரி ஆகிவிடும். போன் வேண்டாம், நேரில் போங்கள். அவர் நேரத்துக்குப் போங்கள். ஏற்றுமதியாளர் காலை 6.30-க்கு நடை முடித்து வரும்போதுதான் பேசுவார். தோழருக்கு ஞாயிறு சாயங்காலம்.

நான்காவது மனிதரைத் தலைவர் என்று நான் அறிய ஒரு தொற்றுநோய் வர வேண்டியிருந்தது. என் யூனிட்டிலேயே சிங்கர் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஒடிசாவிலிருந்து வந்தவர், அப்போது இருபத்தாறு வயது. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது என்னிடம் இருந்த 22 பேரில் 9 பேர் ஒடிசாக்காரர்கள், எல்லோரும் ஒரே லைன் வீட்டில். மறுநாள் அரிசி மூட்டையோடு போனேன். அவர் ஏற்கெனவே ஒரு நோட்டுப் போட்டிருந்தார்: யாரிடம் எவ்வளவு பணம், யார் வீட்டுக்கு அவசரமாக அனுப்ப வேண்டும், யாருக்கு மாத்திரை தீரப்போகிறது, எந்த போனில் எத்தனை நாள் ரீசார்ஜ்.

"அக்கா, அரிசி இருக்கு. எத்தனை நாள்னு சொல்லுங்க. நாள் தெரிஞ்சா தாங்கிடுவாங்க. தெரியாட்டி பயந்து நடக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்றார், அரைகுறைத் தமிழில்.

எனக்கும் தெரியாதே என்றேன். "அப்போ தெரியாதுன்னு சொல்லுங்க. தினமும் வந்து சொல்லுங்க."

தினமும் போனேன். பல நாள் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசி ரயிலில் அவர் போனார். பெரிய ஏற்றுமதியாளர் பன்னிரண்டு வருடம் மனதில் சுமந்த அதே விஷயத்தை, மூன்று வாரத்துக்கு முன்னால் தனக்குத் தெரிந்ததைத் தொழிலாளிக்குச் சொல்லாத அந்தச் சனிக்கிழமையை, இந்தப் பையன் முதல் நாளே சரியாகச் செய்தார். அறிவுள்ளவர்களைத் தேடி ஊரெல்லாம் அலைந்த நான், என் யூனிட்டில் இரண்டு வருடம் இருந்தவரிடம் பீஸ் எண்ணிக்கையைத் தவிர எதையும் கேட்டதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

யூனிட்டைத் திரும்பத் திறந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டினேன். சனிக்கிழமைதோறும் சம்பளம் கொடுப்பதற்கு முன்னால் அதில் எழுதுவேன்: கையில் எந்தெந்த ஆர்டர், எத்தனை பீஸ் பாக்கி, எத்தனை நாளைக்கு வேலை. "முதலாளியே ரகசியத்தைச் சுவத்துல எழுதறாங்களே, ஆளுங்க ஓடிப்போயிருவாங்க" என்று பக்கத்து யூனிட்காரர்கள் சொன்னார்கள். வேலை குறைவாக எழுதிய வாரங்களில் சிலர் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வேலை வந்ததும் திரும்பி வந்தார்கள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியத் துணிகளுக்கு அமெரிக்காவில் 50 சதவீதக் கூடுதல் வரி வந்தது. அதற்கு முந்தைய வாரமே எனக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, அமெரிக்காவுக்குப் போக வேண்டிய இரண்டு ஆர்டர்களை நிறுத்தி வைக்கச் சொன்னது. இன்னொரு கம்பெனி, பீஸ் ரேட்டைக் குறைத்தால் ஒரு ஆர்டர் தருகிறேன் என்றது. காஸ்டிங் தாளை விரித்து வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தத் தாள் நீளமாக இருக்கிறது. சாயம் எந்தப் பட்டறை, அதன் சுத்திகரிப்புச் செலவு எவ்வளவு என்று ஒரு வரி. வாரம் எட்டு ஷிப்ட் என்று ஒரு வரி. பணம் வரும் நாள் ஒரு வரி. அந்த கம்பெனி கேட்ட ரேட் வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றை அழிக்க வேண்டும். அழிக்கவில்லை. உள்நாட்டு ஆர்டர் தேடினேன், கொஞ்சம் கிடைத்தது. ரேட் குறைத்த வேறு யாரோ அந்த ஏற்றுமதி ஆர்டரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வட்டி ஓடுகிறது.

அந்தச் சனிக்கிழமை போர்டில் எழுதினேன்: இரண்டு ஆர்டர் நிறுத்தம். கையில் இருப்பது 18 நாள் வேலை.

பேட்லாக்கில் இருக்கும் அக்கா படித்துவிட்டு, "அதுக்கப்புறம் எப்படீங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்கக்கா. அடுத்த சனிக்கிழமை எழுதறேன்."

தலையை ஆட்டிவிட்டுச் சம்பள வரிசையில் போய் நின்றார்.